மாலை போடுறதுக்கு முன்னால மருத்துவமனை: தினமும் குடிக்கிற பக்தருக்கும் அவர் வீட்டாருக்கும்

ஓம் சரவணபவ.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. படிச்சுட்டுத் திட்டணும்னு தோணினா அப்புறம் தாராளமா திட்டுங்க.

தைப்பூசத்துக்கு விரதம் ஆரம்பிக்கிற காலம் நெருங்குது. பேர் எழுதுற மேசையில உட்கார்ற தொண்டர்களுக்கு வருசா வருசம் காதுல விழுகிற வேண்டுதல் ஒண்ணு இருக்கு. "என் வீட்டுக்காரர் மாலை போட்டுட்டா குடியை விட்டுருவாரு தம்பி." "என் மகன் இந்த வருசம் காவடி எடுக்கட்டும், அதோட எல்லாம் சரியாயிடும்." எத்தனையோ தாய்மாருக்கும் அக்காமாருக்கும் வீட்டுல கடைசி நம்பிக்கை முருகன்தான். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரலை. முருகன் பேர்ல நிறுத்தினவங்க, நிறுத்தி இருபது வருசமா நல்லா இருக்கிறவங்க, நம்ம கோவில்லயே இருக்காங்க.

ஆனா ஒரு விசயத்தை நேரடியா சொல்லியே ஆகணும். பல வருசமா தினமும் நிறைய குடிக்கிற ஒருத்தர், மாலை போட்ட அன்னைக்கே ஒரே நாள்ல சுத்தமா நிறுத்தக் கூடாது. முதல்ல மருத்துவமனை, அப்புறம் மாலை. அந்த வரிசை மாறினா உயிர் போகலாம்.

யாரைச் சொல்றேன்?

சனிக்கிழமை கூட்டாளிங்களோட ரெண்டு டின் பீர் குடிக்கிறவரை இல்லை. அவர் இன்னைக்கே நிறுத்தலாம், நல்லது.

நான் சொல்றது வேற ஆளு. காலையில எழுந்தவுடனே கை நடுங்கும், ஒரு வாய் உள்ளே போனாத்தான் நடுக்கம் நிக்கும். பசியாறாம வேலைக்குப் போவாரு, குடிக்காம போக மாட்டாரு. ஒரு நாள் காசு இல்லாம குடிக்கலைன்னா வேர்க்கும், வாந்தி வரும், ராத்திரி தூக்கம் வராது. முன்னால ஒரு தடவை நிறுத்தினப்போ வலிப்பு வந்திருக்கும், இல்லைன்னா ஒரு மாதிரி உளறியிருப்பாரு. இதுல ஒண்ணு இருந்தாலும் உடம்பு குடிக்கு அடிமையாகிடுச்சுன்னு அர்த்தம். அதை மனசு உறுதியை வச்சு மட்டும் அளக்க முடியாது.

உள்ளே என்ன நடக்குது?

குடி மூளைக்கு பிரேக் மாதிரி. மூளையை அமைதிப்படுத்துற ரசாயனம் ஒண்ணு இருக்கு, அதைக் குடி தூக்கிவிடும். மூளையை வேகப்படுத்துற இன்னொண்ணு இருக்கு, அதை அமுக்கி வைக்கும். தினமும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்தா, வண்டி ஓடணும்கிறதுக்காக மூளை எண்ணெயைக் கூட்டிக்கிட்டே போகும். வருசக்கணக்கா இப்படி ஓடின வண்டியில திடீர்னு பிரேக்கிலிருந்து காலை எடுத்தா என்ன ஆகும்? கூட்டி வச்ச எண்ணெய் அப்படியே இருக்கு, வண்டி தறிகெட்டு ஓடும். நெஞ்சு படபடப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல், வலிப்பு, புத்தி தடுமாற்றம் எல்லாம் அந்த ஓட்டம்தான்.

இதுக்கு ஒரு காலக் கணக்கு இருக்கு. கடைசியா குடிச்ச நேரத்துல இருந்து எண்ணணும்.

6 மணி நேரத்துல இருந்து முதல் நாள் முடியறதுக்குள்ள: கை நடுக்கம், வேர்வை, குமட்டல், பயம், தூக்கமின்மை.

12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள்ள சிலருக்கு: இல்லாதது தெரியும், இல்லாத குரல் கேக்கும். ஆனா தான் யாரு, எங்க இருக்கோம்னு தெளிவு இருக்கும்.

முதல் 48 மணி நேரத்துக்குள்ள சிலருக்கு: வலிப்பு. அதுவரைக்கும் பெரிசா ஒண்ணும் தெரியாதவருக்கும் வரலாம்.

2 நாள் முதல் 4 நாளுக்குள்ள: இதுதான் ஆபத்தான கட்டம். டாக்டர்கள் டெலீரியம் ட்ரெமென்ஸ்னு சொல்வாங்க. ஆளுக்கு நாள் தெரியாது, இடம் தெரியாது, பெத்த பிள்ளையைத் தெரியாது. சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டுவாரு, போர்வையைப் பிடிச்சுப் பிடிச்சு இழுப்பாரு. உடம்பு கொதிக்கும், நெஞ்சு ஓடும்.

எல்லாருக்கும் இந்தக் கடைசிக் கட்டம் வராது. மருத்துவமனைக்கு வர்ற குடி நிறுத்தல் நோயாளிகள்ல நூத்துக்கு ஏறக்குறைய 3 லிருந்து 5 பேருக்குத்தான் வரும்னு மருத்துவப் புத்தகங்கள் சொல்லுது. ஆனா வந்தா லேசா எடுத்துக்க முடியாது. நல்ல சிகிச்சை இல்லாத காலத்துல இது வந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் வரைக்கும் இறந்திருக்காங்க. இன்னைக்கு சரியான நேரத்துல மருத்துவமனைக்குப் போனா அது நூத்துக்கு 5க்கும் கீழே. பெரும்பாலும் அந்த வித்தியாசம் என்னன்னா, யாராவது அவரை வண்டியில ஏத்தினாங்களா இல்லையாங்கிறதுதான்.

1813லயே தாமஸ் சட்டன்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் இந்த நோய்க்குப் பேர் வச்சு எழுதிட்டார். ஆனா ரொம்ப காலம் வரைக்கும் இது குடியால வருதா, சாப்பிடாததால வருதா, நிறுத்தினதால வருதான்னு டாக்டர்களுக்குள்ளேயே வாக்குவாதம். 1955ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்துக்கிட்டே சில பேரை 48 நாளிலிருந்து 87 நாள் வரைக்கும் விடாம நிறைய குடிக்க வச்சு, திடீர்னு நிறுத்தினாங்க. வலிப்பு வந்துச்சு, புத்தி பிறழ்ந்துச்சு. இன்னைக்கு அப்படி ஒரு சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டாங்க. ஆனா கேள்விக்குப் பதில் கிடைச்சுது: சாப்பாட்டுக் குறை இல்லாமலேயே, நிறுத்தின வேகம் மட்டுமே இதைக் கொண்டு வரும்.

மூணாம் நாள் கோவில்ல என்ன நடக்குது?

இப்போ கணக்கைப் பாருங்க. வெள்ளிக்கிழமை மாலை போடுறாரு. வியாழன் ராத்திரி "இதுதான் கடைசி"ன்னு வயிறு முட்டக் குடிச்சிருப்பாரு. சனி காலையில நடுங்கும். ஞாயித்துக்கிழமை கோவில்ல கூட்டம், உறுமி சத்தம், பம்பை சத்தம். மூணாம் நாள். அவர் நடுங்குறாரு, கண்ணு சொருகுது, யாருக்கும் புரியாத ஏதோ பேசுறாரு. நம்ம என்ன சொல்லுவோம்? "சாமி வந்திருக்கு." இல்லைன்னா வீட்டுல சுவத்தைப் பார்த்துப் பயப்படுறாரு. "யாரோ செஞ்சு வச்சுட்டாங்க, பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போங்க."

அருளை நான் கொச்சைப்படுத்தலை. கோவில்ல வளர்ந்தவங்களுக்கு வித்தியாசம் தெரியும். உறுமி நின்னா, விபூதி வச்சா, அருள் இறங்கும். ஆள் தண்ணி குடிச்சுட்டு உட்கார்ந்து நம்மகிட்ட தெளிவா பேசுவாரு. குடி நிறுத்தின நடுக்கம் உறுமிக்குக் கட்டுப்படாது. மேளம் நின்னு ஒரு மணி நேரம் ஆனாலும் நடுக்கம் இருக்கும். சட்டை நனைஞ்சு வேர்த்துக் கொட்டும், உடம்பு சுடும். இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டா தெரியாது. இந்த நாலும் பார்த்தீங்கன்னா பூஜை முடியட்டும்னு காத்திருக்காதீங்க. 999 கூப்பிடுங்க. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைக்கு அடியில துண்டை மடிச்சு வைங்க. வாயில ஸ்பூன், சாவி, எலுமிச்சம்பழம் எதையும் திணிக்காதீங்க. தீர்த்தமும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும்.

ஒரு அண்ணன், பேர் வேண்டாம், மூணு வருசம் தொடர்ந்து மாலை போட்டாரு. முதல் வருசம் வெறும் நடுக்கம். தைப்பூசம் முடிஞ்சு மறுவாரம் பழையபடி குடி. ரெண்டாவது வருசம் ராத்திரியெல்லாம் குரல் கேக்குதுன்னாரு. மறுபடி குடி. மூணாவது வருசம் ரெண்டாம் நாளே வலிப்பு, ஐ.சி.யூ. வீட்டுல கேட்டாங்க, "முதல் வருசம் ஒண்ணும் ஆகலையே, இப்ப மட்டும் ஏன்?" வார்டுல வேலை செய்ற மிஸி அக்கா ஒருத்தர் நம்ம தொண்டர் குழுவுல இருக்காங்க. அவங்க சொன்ன விளக்கம் இதுதான்: திடீர்னு நிறுத்துறது, மறுபடி ஆரம்பிக்கிறது, மறுபடி நிறுத்துறதுன்னு இருந்தா, ஒவ்வொரு தடவையும் பாதிப்பு முன்னைவிட மோசமாகிற வாய்ப்பு கூடும். மூளை அந்த அதிர்ச்சியைப் பழகிக்காது, அதுக்கு இன்னும் கூசும்.

வருசத்துக்கு ஒரு தடவை 48 நாள் நிறுத்தி, மத்த நாள் எல்லாம் குடிக்கிற வழக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு உண்டு. "48 நாள் நிறுத்த முடியுதே, அப்ப அடிமை இல்லை"ன்னு சொல்லிக்குவாங்க. சிலருக்கு அது உண்மை. சிலருக்கு அந்த ஒவ்வொரு விரதமும் அடுத்த விரதத்தை ஆபத்தாக்கிக்கிட்டே போகுது.

வேற காரணத்துக்கு வார்டுல சேர்றவங்க

இது விரதத்தோட முடியற விசயம் இல்லை. மோட்டார்ல போய் விழுந்து கால் உடைஞ்சு வார்டுல படுத்திருக்கிறவர், டிங்கியில சேர்ந்தவர், ஆபரேசனுக்குக் காத்திருக்கிறவர், இவங்களுக்கும் அன்னையில இருந்து குடி கிடையாது. அவங்களுக்கும் மூணாம் நாள் வரும். நேத்து வரைக்கும் நல்லா பேசிக்கிட்டிருந்த மனுசன் ராத்திரி ட்ரிப்பைப் பிடுங்கிட்டு, உடைஞ்ச காலோட இறங்கி நடக்கப் பார்ப்பாரு. "ஆஸ்பத்திரியில ஏதோ தப்பா மருந்து கொடுத்துட்டாங்க", "அந்தக் கட்டில்ல செத்தவன் ஆவி பிடிச்சிருச்சு"ன்னு வீட்டுல பேச்சு ஓடும்.

பாதி இடத்துல காரணம் என்ன தெரியுமா? சேர்க்கும்போது டாக்டர் கேட்டிருப்பாரு, "குடிப்பாரா?" நம்ம அக்கா சொல்லியிருப்பாங்க, "எப்பவாவது கொஞ்சமா டாக்டர், கல்யாணம் காட்சிக்கு." மானம். பக்கத்துக் கட்டில்ல தெரிஞ்சவங்க இருக்காங்க. ஃபைல்ல எழுதிடுவாங்களோன்னு பயம். அந்த ஒரு பொய்யால டாக்டருக்கு என்ன வரப் போகுதுன்னே தெரியாம போயிடுது.

அக்கா, அம்மா, தங்கச்சி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வார்டுல சேர்க்கும்போது இந்த நாலு விசயத்தைக் கேட்காமலேயே சொல்லுங்க:

1. ஒரு நாளைக்கு என்ன, எவ்வளவு குடிக்கிறார். பீரா, பிராந்தியா, சம்சுவா. எத்தனை டின், எத்தனை போத்தல். குறைச்சுச் சொல்லாதீங்க.

2. கடைசியா குடிச்சது எந்த நாள், எத்தனை மணிக்கு.

3. இதுக்கு முன்னால நிறுத்தினப்போ வலிப்போ, உளறலோ வந்திருக்கா.

4. வேற என்ன மருந்து சாப்பிடுறாரு. தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, சீனி வியாதி மருந்து எல்லாம்.

ஆள் முன்னால சொல்ல முடியலைன்னா, மிஸியைத் தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க. ஒரு சின்னத் தாள்ல எழுதிக் கையில கொடுங்க. மருத்துவமனை போலீஸ் ஸ்டேசன் இல்லை.

அங்க என்ன செய்றாங்க, ஏன் செய்றாங்க?

தெரியாததாலதான் சண்டை வருது, அதனால தெரிஞ்சுக்குவோம்.

மிஸி ஒரு தாளை வச்சுக்கிட்டு சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து கையை நீட்டச் சொல்லுவாங்க, தலைவலி இருக்கா, ஏதாவது ஊருற மாதிரி இருக்கா, இன்னைக்கு என்ன தேதின்னு கேட்பாங்க. தொந்தரவு பண்றாங்கன்னு நினைக்காதீங்க. பல மருத்துவமனைகள்ல பயன்படுத்துற புள்ளிக் கணக்கு அது. 10 கேள்வி, மொத்தம் 67 புள்ளி. 8க்குக் கீழேன்னா லேசு, 15க்கு மேலே போனா கடுமை. அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் மருந்து எவ்வளவுன்னு முடிவு பண்றாங்க.

மருந்து பெரும்பாலும் டயஸெபாம், லோராஸெபாம் மாதிரி வகை. ஓடுற வண்டிக்கு மறுபடி ஒரு பிரேக் போட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா காலை எடுக்கிறதுக்குத்தான் அது. "ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையைக் கொடுக்கிறாங்க"ன்னு சில பேர் சொல்றாங்க. இந்த மருந்தும் மாசக்கணக்கா சாப்பிட்டா பழக்கமாகும், அது உண்மைதான். அதனாலதான் சில நாளுக்கு மட்டும், குறைச்சுக் குறைச்சு, கண்காணிப்புல கொடுக்கிறாங்க. பக்கத்து வீட்டுல வாங்கின தூக்க மாத்திரையை நீங்களா கொடுக்கக் கூடாதுங்கிறதும் அதனாலதான். குடியும் அந்த மாத்திரையும் சேர்ந்தா மூச்சே நின்னுடலாம். ஈரல் கெட்டவங்களுக்கு எந்த மருந்து, எந்த அளவுங்கிறதும் வேற. அது டாக்டர் பார்க்க வேண்டிய வேலை.

அடுத்தது பி-1 வைட்டமின், தயமின். இதை ஊசியா போடுவாங்க. சாதாரண சத்து ஊசின்னு நினைச்சு "அது எதுக்கு"ன்னு கேட்காதீங்க. வருசக்கணக்கா சாப்பாட்டைக் குறைச்சுக் குடிச்சவங்க உடம்புல இது வத்திப் போயிருக்கும். வத்திப் போனா மூளை பாதிக்கும்: கண்ணு சரியா அசையாது, நடை தள்ளாடும், புத்தி குழம்பும். கவனிக்காம விட்டா புதுசா எதுவும் ஞாபகத்துல நிக்காத நிலைமை நிரந்தரமா தங்கிடும். காலையில பசியாறினதை மத்தியானம் கேட்டா தெரியாது. இத்தனையையும் தடுக்கக் கூடியது அந்த ஊசி. வாய் வழியா கொடுத்தா குடிகாரர் குடல் அதைச் சரியா உறிஞ்சாது, அதனாலதான் ஊசி. தயமின் இல்லாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா இந்த பாதிப்பு தூண்டப்படலாம்னு டாக்டர்கள் ரெண்டையும் சேர்த்துக் கவனிப்பாங்க.

அப்புறம் ரத்தத்துல உப்புகள், மக்னீசியம், பொட்டாசியம் குறைஞ்சிருக்கும், அதைச் சரி பண்ணுவாங்க. காய்ச்சல் இருந்தா நுரையீரல் கிருமி இருக்கா, விழுந்ததுல தலையில அடி பட்டிருக்கான்னும் பார்ப்பாங்க. ரொம்ப கடுமைன்னா ஐ.சி.யூ.

சில நேரம் கையைக் கட்டுவாங்க. பார்க்க மனசு தாங்காது. அது கடைசி வழியாத்தான் இருக்கணும், நீங்க கேள்வி கேட்கலாம்: "எவ்வளவு நேரம்? மருந்து கொடுத்தீங்களா? எப்போ அவிழ்ப்பீங்க?" மரியாதையா கேளுங்க. ஆனா நீங்களா அவிழ்த்து விடாதீங்க. மூணாம் மாடி ஜன்னலை வாசல்னு நினைச்சு நடக்கிற நிலைமையில அவர் இருப்பாரு.

வீட்டார் கட்டில் பக்கத்துல என்ன செய்யலாம்?

உங்களால முடிஞ்சது நிறைய இருக்கு. ஒரே ஆள், பழகின குரல், பக்கத்துல இருங்க. பத்துப் பேர் சுத்தி நின்னு அழுதா அவருக்குப் பயம் கூடும். விளக்கு எரியட்டும், இருட்டுல நிழல் எல்லாம் ஆளாத் தெரியும். கண்ணாடி போடுறவர்னா கண்ணாடியை மாட்டி விடுங்க. "பூச்சி இருக்கு"ன்னு சொன்னா "இல்லை, நீ பொய் சொல்றே"ன்னு சண்டை போடாதீங்க. "நான் இருக்கேன்பா, இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு திங்கட்கிழமை"ன்னு மெதுவா சொல்லிக்கிட்டே இருங்க. நெத்தியில விபூதி வைங்க, கந்த சஷ்டி கவசத்தைப் போன்ல மெல்லிசா வைங்க, யாரும் தடுக்க மாட்டாங்க. தெரிஞ்ச பாட்டு அவரை அமைதிப்படுத்தலாம்.

செய்யக் கூடாதது ரெண்டு. குளிர்பான போத்தல்ல சாராயத்தை ஊத்தித் திருட்டுத்தனமா கொண்டு போய்க் கொடுக்காதீங்க. அவர் கெஞ்சுறதைப் பார்க்க முடியாமத்தான் செய்றீங்க, புரியுது. ஆனா உள்ளே அந்த மருந்து ஓடிக்கிட்டிருக்கு, சேர்ந்தா விபரீதம். ரெண்டாவது, ரெண்டாம் நாள் கொஞ்சம் தெளிவா இருக்காரேன்னு ஏ.ஓ.ஆர். கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க. மேலே சொன்ன கணக்கைப் பாருங்க. அபாயமான நாள் இனிமேதான்.

என்கிட்ட வரப் போற மூணு கேள்வி

"அப்போ குடிச்சுக்கிட்டே இருன்னு சொல்றியா?" இல்லை. இன்னைக்கே நிறுத்த முடிவு பண்ணுங்க, நாளைக்குக் காலையில கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்க. குடியுரிமை உள்ளவங்களுக்கு அரசாங்க கிளினிக்ல 1 வெள்ளி. ஒரு டின் பீர் அதைவிட எவ்வளவு மடங்கு? டாக்டர் பார்த்துட்டு வீட்டுல இருந்தே மருந்தோட நிறுத்தலாமா, வார்டுல சேரணுமான்னு சொல்லுவாரு. டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் திடீர்னு சுத்தமா நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். நடுக்கம் அதிகமானா, வலிப்பு வந்தா, உளறினா கிளினிக் இல்லை, நேரா எமர்ஜன்சி.

"முருகன் காப்பாத்த மாட்டானா?" காப்பாத்துவான். பத்துமலை 272 படி ஏறும்போது மயங்கி விழுந்தவரை முதலுதவிக்காரங்க தூக்கிட்டுப் போறப்ப, முருகனை நம்பாம தூக்கிட்டுப் போறீங்களேன்னு யாராவது கேட்டிருக்கோமா? சீனி வியாதிக்காரர் விரதத்துல ஊசியை நிறுத்தலாமான்னு கேட்டா, எந்தக் குருக்களும் நிறுத்துன்னு சொல்ல மாட்டாரு. குடி நோய்க்கு மட்டும் ஏன் வேற சட்டம்? சீனியை நோயாப் பார்க்கிறோம், குடியைப் பாவமாப் பார்க்கிறோம். வித்தியாசம் நம்ம மனசுலதான்.

"எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் ஏது?" இருந்துச்சு. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலம் அது. சம்பளப் பணம் எங்கே போச்சுன்னு நம்ம பாட்டிமாரைக் கேட்டா சொல்லுவாங்க. அதை எதிர்த்து 1946, 47ல கெடா தோட்டங்கள்ல தொண்டர் படைன்னு நம்ம ஆளுங்களே திரண்டு கள்ளுக்கடை மறியல் பண்ணினாங்க. நம்மளும் தொண்டர்ங்கிற பேரைத்தான் சட்டையில குத்தியிருக்கோம். அவங்க ஒருத்தனைத் தனியா நிறுத்தி "நீ குடிகாரன்"னு அவமானப்படுத்தி ஊரைத் திருத்தப் பார்க்கலை. கூட்டமா நின்னாங்க. அவமானம் ஆளை மறைஞ்சு குடிக்கத்தான் வைக்கும்.

கோவில் நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள்

ஒண்ணு. மாலை போடுறவங்க பேர் எழுதும்போது சீனி வியாதி, இருதய நோய் கேட்கிற மாதிரி, தனியா, மெதுவா ஒரு கேள்வி: "தினமும் குடிக்கிறீங்களா? காலையில கை நடுங்குமா?" ஆமான்னு சொன்னா முகத்தைச் சுளிக்காம, "முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வாங்க அண்ணே, நானும் கூட வர்றேன்"னு சொல்ல ரெண்டு தொண்டர் இருக்கணும். ஒரு வண்டி இருக்கணும். செலவு பெட்ரோல் காசுதான்.

ரெண்டு. கும்பலுக்கு நடுவுல கற்பூரம் அடிச்சு "இனி தொட மாட்டேன்"னு சத்தியம் வாங்குற வழக்கத்தை நிறுத்துவோம். அந்தச் சத்தியத்துக்குப் பயந்து, உடம்பு நடுங்கும்போது கூட வெளியே சொல்ல மாட்டாங்க. சாமி குத்தம் ஆயிடும்னு வீட்டுல பூட்டிக்கிட்டுக் கிடப்பாங்க.

மூணு. நேர்த்தியைத் தள்ளிப் போட வழி சொல்லுவோம். வார்டுல இருந்து வந்த பிறகு மாலை போடலாம். 48 நாள் வராட்டி குருக்கள்கிட்ட கேட்டுக் குறைஞ்ச நாள் விரதம் இருக்கலாம். பால்குடம் எடுக்கலாம். பங்குனி உத்திரம் இருக்கு, கந்த சஷ்டி இருக்கு. முருகனுக்கு ஒரு நாள் மட்டுமா நாள்?

நாலு. காவல் தெய்வத்துக்குப் படைக்கிற போத்தல். முனியாண்டிக்குப் படையல் போடுறது உங்க குல வழக்கம், அதுல நான் தலையிடலை. படையல் முடிஞ்சதும் அந்தப் போத்தல் யார் கைக்குப் போகுதுன்னு மட்டும் பாருங்க. நேத்துதான் வார்டுல இருந்து வந்தவருக்குப் பிரசாதம்னு ஊத்திக் கொடுத்தா, மறுக்கவும் முடியாம குடிக்கவும் முடியாம அவர் படுற பாடு பெரிசு.

அஞ்சு. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். மருத்துவமனை ஒரு வாரத்துல உடம்பைத் தேத்தி அனுப்பிடும். அங்க முடியறது நடுக்கம்தான், குடி ஆசை முடியறதில்லை. சாயங்காலம் 5 மணி ஆனா கால் தானா அந்தக் கடைக்குப் போகும். அந்த நேரத்துக்கு நம்மகிட்ட வேலை இருக்கு. பூ கட்டணும், பாத்திரம் தேய்க்கணும், அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கணும், சனிக்கிழமை பிள்ளைங்களைத் தேவார வகுப்புக்கு ஏத்தி இறக்கணும். அவருக்கு ஒரு வேலையும் ஒரு சாவியும் கொடுங்க. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம்ம நாட்டுல நடக்குது, அதுக்கும் அனுப்புங்க. மறுபடி விழுந்தா "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்"னு சொல்லாம மறுபடியும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆரம்பத்துல விழுந்து எழுந்துதான் நிறைய பேர் நின்னிருக்காங்க.

மருத்துவமனை செய்ற வேலையைக் கோவில் செய்ய முடியாது. கோவில் செய்ற வேலையை மருத்துவமனையும் செய்ய முடியாது. ரெண்டும் வரிசையா நடந்தா ஒரு குடும்பம் பிழைக்கும்.

இந்தப் பதிவைக் குடும்ப வாட்சப் குழுவுல போட்டு யாரையும் குத்திக் காட்டாதீங்க. தேவைப்படுற ஒரு அக்காவுக்கு, ஒரு அம்மாவுக்குத் தனியா அனுப்புங்க. எங்க போறது, யாரைப் பார்க்கிறதுன்னு தெரியலைன்னா பூஜை முடிஞ்சதும் தொண்டர் மேசைக்கு வாங்க. பேர் எழுத மாட்டோம், காரணம் கேட்க மாட்டோம். கிளினிக் வரைக்கும் கூட வருவோம்.

வேலும் மயிலும் துணை.